பழைய புல்லட்டுக்கு எந்த ஆர்.ஆர். யூனிட் போடுவது?

இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக அமைந்த யுசிஇ இஞ்சின் வருவதற்கு முந்தைய இரும்பு சிலிண்டர் புல்லட்டை, பாபராகவோ ஸ்கிராம்ப்ளராகவோ மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்தால் இரண்டு நாள் ஓடும், மறுபடி இறங்கிவிடும். இல்லையென்றால் நேர்மாறாக, பல்பு மேல் பல்பாகப் போகும், பேட்டரியிலிருந்து ஆசிட் கசிந்து பக்கத்துப் பெயிண்ட்டைத் தின்னும். மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆர்.ஆர். யூனிட் போச்சு, மாத்திடலாம்" என்பார். ஆர்.ஆர். என்றால் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். இஞ்சினோடு சுற்றுகிற ஆல்டர்னேட்டரின் ஏசி கரன்ட்டை டிசி ஆக்கி, வோல்ட் எகிறாமல் பார்த்துக்கொள்கிற பெட்டி. மாற்றலாம், சரி. எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. பழைய மாதிரியே வாங்கு என்பார் ஒருவர். பெரிய ஜப்பானிய பைக்கின் மாஸ்ஃபெட் யூனிட்டைப் போடு என்பார் இன்னொருவர். சீரிஸ் ரெகுலேட்டர் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பவரும் உண்டு. இந்த வகைகள் என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல்லட் மாதிரி சின்ன ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்குத் தரமான சாதாரண யூனிட்டே போதும். மிச்சப் பணத்தை ஒயரிங்கில் போடுங்கள். சீரிஸ் ரெகுலேட்டர் அருமையான பொருள்தான், ஆனால் அதன் முழுப் பலனும் கிடைப்பது பெரிய ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரில் கரன்ட் உண்டாகிற நிலையான காயில்) உள்ள வண்டிகளில். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

முதலில், போனது ஆர்.ஆர். யூனிட்தானா?

சார்ஜ் ஏறவில்லை என்றாலே ஆர்.ஆர். மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். முழுச் சார்ஜில் இருக்கிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, வண்டி அணைந்திருக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். இஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி கொதிக்கிறது.

ஐட்லிங்கில் அளந்துவிட்டுப் பயப்பட வேண்டாம். புல்லட்காரர்களுக்கு அந்த மெதுவான டப்-டப் சத்தத்தின் மேல் ஒரு மோகம், ஐட்லிங்கை முடிந்த மட்டும் கீழே இறக்கி வைப்பார்கள். அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரில் இருந்து உருப்படியாக எதுவும் வராது. எந்த ரெகுலேட்டரைப் போட்டாலும் இல்லாத கரன்ட்டை அது உண்டாக்கித் தராது.

அப்புறம் ஸ்டேட்டரின் கப்ளரைக் கழற்றி, இரண்டு ஒயர்களுக்கு இடையே ஏசி வோல்ட் பாருங்கள். ஆக்சிலேட்டர் ஏற ஏற வோல்ட்டும் சீராக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு காயிலில், புது ஆர்.ஆர். வாங்கியும் பயனில்லை. புல்லட்டில் காயில் இருப்பது இடது பக்க செயின் கேஸுக்குள், ஆயிலில் ஊறியபடி. அங்கிருந்து வெளியே வரும் ஒயர்களின் மேல்தோல் வருஷக் கணக்கில் ஆயிலில் கிடந்து கல் மாதிரி இறுகி, ரப்பர் கிராமெட் பக்கத்தில் வெடித்திருக்கும். கேஸைத் திறந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். ரோட்டர், அதாவது சுற்றுகிற மேக்னெட், ஸ்டேட்டரில் உரசுகிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும்.

காயில் நன்றாக இருந்தால் ஆர்.ஆர். யூனிட்டைத் தனியாகக் கழற்றி மீட்டரின் டயோட் (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்) நிலையில் சோதிக்கலாம். ஏசி முனையிலிருந்து பாசிட்டிவ் முனைக்கு ஒரு பக்கம் 0.4, 0.6 என்று ஏதாவது காட்டி, புரோபை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சுழி வந்தால் உள்ளே ஷார்ட். இப்படி ஷார்ட் ஆன யூனிட், வண்டி நிற்கும்போதுகூட பேட்டரியை இறக்கிக்கொண்டே இருக்கலாம். ராத்திரியில் நன்றாக இருந்த பேட்டரி காலையில் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு "ஓடுது பாருங்க, ஆர்.ஆர். நல்லாத்தான் இருக்கு" என்று காட்டுகிற சோதனை பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. பேட்டரி இல்லாத நொடியில் வோல்ட் தாறுமாறாக எகிறும். அதுவரை நன்றாக இருந்த ஆர்.ஆர்., எல்இடி விளக்கு எல்லாம் அதிலேயே போய்விடலாம்.

உங்கள் வண்டியில் கரன்ட் எப்படிப் பிரிகிறது?

எதை வாங்குவது என்பது இதை வைத்துத்தான் முடிவாகும், ஆனால் இதைக் கேட்டு விற்கிற கடைக்காரர் அபூர்வம். நம் ஊரில் விற்ற 12 வோல்ட் புல்லட்டில் பல, ஸ்டேட்டரிலிருந்து நான்கு ஒயர்களோடு வந்தவை. ஒரு ஜோடி ஆர்.ஆர். வழியாகப் பேட்டரிக்குப் போகும். இன்னொரு ஜோடி ஏசி ரெகுலேட்டர் வழியாக நேரே ஹெட்லைட்டுக்குப் போகும். கண்டுபிடிப்பது சுலபம். இஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரிகிறது, ஐட்லிங்கில் மங்குகிறது என்றால் உங்களுடையது ஏசி ஹெட்லைட். சாவி போட்டவுடனே எரிந்தால் டிசி.

ஆர்எக்ஸ்100 மாதிரி வண்டிகளில் வேறு ஏற்பாடு. காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கும். வெளியே வரும் அலையில் ஒரு பாதி பேட்டரிக்கு, மறுபாதி விளக்குக்கு. இதில் கடையில் கிடைக்கிற, அலையின் இரண்டு பாதியையும் எடுக்கிற முழு அலை ஆர்.ஆர். யூனிட்டை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனி ஒயராக வெளியே கொண்டுவந்த பிறகுதான் மாட்ட முடியும்.

கஸ்டம் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு கை வைத்த எலெக்ட்ரீஷியன் எதை எதோடு சேர்த்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். மீட்டரை நம்புங்கள்.

பழைய மாதிரியே இன்னொன்று

கம்பெனி ஸ்பேர் அல்லது அந்தக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கிறவர்களின் யூனிட். கப்ளர் அப்படியே பொருந்தும், ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம், விலையும் கையைக் கடிக்காது. விளக்கு, ஹாரன் எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருந்து, வண்டியின் தோற்றத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்றால் இதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை.

இதிலேயே டூப்ளிகேட்டும் கிடைக்கும், சில நூறு ரூபாய்க்கு. வெளியே பார்க்க ஒரே மாதிரிதான். உள்ளே டயோடு சின்னது, மேலே ஊற்றியிருக்கும் கலவை மட்டம், சூடு வெளியேறாது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர் ஸ்பேர் கடையில் வாங்கினாலும் சரி, பில் கேளுங்கள். பில் தரத் தயங்குகிற பொருளை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் டிசி-க்கு மாற்றுவது

கஸ்டம் புல்லட்டில் நான் உண்மையில் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம், மாற்றி அமைக்கும்போது விளக்கெல்லாம் எல்இடி-க்குப் போய்விடுகிறது. சாதாரண எல்இடி ஹெட்லைட்டை ஏசி ஒயரில் கொடுத்தால் மினுக்கும், சீக்கிரம் போகும். எல்லாவற்றையும் பேட்டரி வழியாக எடுத்தால் ஐட்லிங்கில் மங்குகிற தொல்லையும் தீரும், ஒயரிங்கும் எளிமையாகிவிடும்.

ஆனால் நான்கு ஒயரையும் இரண்டு இரண்டாக முறுக்கி ஒரே ஆர்.ஆர்.-ல் செருகிவிடக் கூடாது. இரண்டு ஜோடியும் ஒரே அளவு சுற்று உள்ளவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சமமாக இல்லாத காயில்களை நேரே இணைத்தால் கரன்ட் பேட்டரிக்கு வராமல் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சூடேற்றும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக ஒரு முழு அலை யூனிட் போட்டு, டிசி பக்கத்தில் மட்டும் பேட்டரியில் சேர்ப்பது பாதுகாப்பான வழி. இல்லையென்றால் முழு டிசி-க்கென்றே சுற்றிய இரண்டு ஒயர் ஸ்டேட்டரை வாங்கிவிடலாம். செலவு கூடும், ஆனால் செயின் கேஸைத் திறக்கிற வேலை எப்படியும் இருந்தால் இதுதான் சுத்தமான முடிவு.

செலவழிப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் ஹாலஜன் பல்பு சுமார் 4.4 ஆம்பியர் இழுக்கும். பின் விளக்கு அரை ஆம்பியருக்கும் கீழே. பாயின்ட் வைத்த இக்னிஷன் சராசரியாக இரண்டு ஆம்பியரைச் சுற்றி. ஆக மொத்தம் ஏழு ஆம்பியர். புல்லட்டின் ஆல்டர்னேட்டர், லூகாஸ் என்கிற பிரிட்டிஷ் எலெக்ட்ரிகல் கம்பெனியின் பழைய பாணி. பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த லூகாஸ் ஆர்எம்21 காயிலின் முழுத் திறனே 10.5 ஆம்பியர்தான். அதையும் இஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான் தரும். ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிக்கு ஹாலஜனை எல்இடி-யாக்குவது நல்ல உதவி. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

ஷன்ட், மாஸ்ஃபெட், சீரிஸ்

மேக்னெட் சுற்றுகிற ஆல்டர்னேட்டரை நிறுத்திவைக்க முடியாது. இஞ்சின் ஓடுகிற வரை அது கரன்ட்டைத் தள்ளப் பார்த்துக்கொண்டே இருக்கும். தேவைக்கு மேல் வருவதை என்ன செய்வது என்பதில்தான் ரெகுலேட்டர்கள் வேறுபடுகின்றன.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஷன்ட் ரெகுலேட்டர் என்பது மோட்டாரை நிறுத்தாமல், தொட்டி நிறைந்ததும் மிச்சத் தண்ணீரை ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஊற்றிக்கொண்டே இருப்பது. சீரிஸ் ரெகுலேட்டர் என்பது தொட்டி நிறைந்ததும் மோட்டாரையே அணைப்பது, குறைந்தால் மறுபடி போடுவது.

ஷன்ட் யூனிட் மிச்சக் கரன்ட்டைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடுகிறது. அதனால் நீங்கள் விளக்கு போட்டாலும் போடாவிட்டாலும் ஸ்டேட்டர் முழு உழைப்பில்தான் இருக்கும். "எல்இடி போட்டேன், காயிலுக்குச் சுமை குறைஞ்சிடுச்சு" என்று சொல்வது ஷன்ட் வண்டியில் உண்மையில்லை. விளக்கு சாப்பிடாத கரன்ட் முழுக்க ஆர்.ஆர். வழியாகத் திரும்புகிறது. எல்இடி-க்கு மாற்றிய பிறகு ஆர்.ஆர். முன்பைவிட அதிக நேரம் ஷார்ட் நிலையிலேயே இருக்கும். அதைக் காற்றுப் படாத மூலையில் வைத்திருந்தால் சூடு ஏறி முடிந்துவிடும்.

மாஸ்ஃபெட் வகையும் ஷன்ட்தான். பழைய யூனிட்டில் தைரிஸ்டர் என்கிற எலெக்ட்ரானிக் சுவிட்ச் செய்கிற வேலையை இதில் மாஸ்ஃபெட் என்கிற இன்னொரு வகை சுவிட்ச் செய்கிறது. தைரிஸ்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும், மாஸ்ஃபெட்டில் மிகக் குறைவு. ஆகவே யூனிட் சூடாவது நன்றாகக் குறைகிறது. ஷின்டென்கென் என்கிற ஜப்பானியக் கம்பெனியின் எஃப்எச்020 இந்த வகையில் பெயர் பெற்றது. ஆனால் ஸ்டேட்டருக்கு இதனால் ஒரு ஆறுதலும் இல்லை, அது பழையபடி முழுக் கரன்ட்டோடு வேகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே பலர் விற்கிறார்கள்.

சீரிஸ் வகையில் ஷின்டென்கென்னின் எஸ்எச்775, அதைவிடப் பெரிய எஸ்எச்847 இரண்டும் உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்கள் தேடி வாங்குபவை. எஸ்எச்775 அமெரிக்க போலாரிஸ் கம்பெனியின் வண்டிகளில் கம்பெனியிலேயே வந்தது. மூன்று ஒயர் ஸ்டேட்டருக்கான மூன்று ஃபேஸ் யூனிட்தான், ஆனாலும் இரண்டு ஒயர் ஸ்டேட்டருக்கு ஒரு ஏசி முனையைக் காலியாக விட்டுவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். தேவையில்லாதபோது காயிலின் கரன்ட்டையே துண்டித்துவிடுவதால் ஸ்டேட்டர், ஆர்.ஆர். இரண்டும் குளிர்ச்சியாக இருக்கும். எல்இடி போட்டதன் பலன் காயில் வரைக்கும் போய்ச் சேருவது இதில்தான்.

குறையும் உண்டு. துண்டித்த நிலையில் காயிலின் முனைகளில் வோல்ட் மிக உயரமாக ஏறும். ஷன்ட் வண்டியில் அந்த வோல்ட் ஒருபோதும் காயிலுக்குத் தெரிய வராது. வார்னிஷ் பொரிந்து, தோல் வெடித்த முப்பது வருஷ ஒயரில் அந்த வோல்ட் ஏறினால் எங்கேயாவது பாடிக்குத் தாவும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே சீரிஸ் போடுகிறவர் ஸ்டேட்டரின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. முழு அலை யூனிட்டில் கரன்ட் இரண்டு பாகங்கள் வழியாகப் போகிறது, தோராயமாக 2 வோல்ட் அங்கே இழப்பு. புல்லட்டின் 10 ஆம்பியருக்கு 20 வாட் சூடு. நல்ல அலுமினியத் தகடும் காற்றும் இருந்தால் இது ஒன்றுமே இல்லை. அதுவே 30 ஆம்பியர் தள்ளுகிற மூன்று ஃபேஸ் ஸ்டேட்டர் என்றால் 60 வாட், ஸ்டேட்டர் சூடு தனி. ஜப்பானிய நாலு சிலிண்டர், பெரிய ஹார்லி மாதிரி வண்டிகளைக் கஸ்டம் செய்கிறவர்களுக்கு சீரிஸ் ரெகுலேட்டரின் விலை ஒரு ஸ்டேட்டர் மிச்சமானாலே திரும்பி வந்துவிடும். புல்லட்டுக்கு அந்த நியாயம் பலவீனம். யூனிட்டோ உள்ளங்கை அளவுக்குப் பெரியது, அதை மெலிந்த பாபர் ஃபிரேமில் மறைக்கவும் இடமில்லை.

வாங்குவதென்று முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ஷின்டென்கென் பெயரில் வரும் போலிகள் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அது அதுவாக இருக்காது. புதுப்பேட்டையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினலைக் கப்ளரோடு வாங்கிச் சோதித்துப் போடுவது, புதுப் போலியைவிட மேல் என்பது என் எண்ணம்.

பேட்டரியே வேண்டாம் என்கிறவர்களுக்கு

கிக்கர் வண்டிதானே என்று பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெரிய கெபாசிட்டரோடு ஓட்டுகிற பாபர்கள் உண்டு. பார்க்க அழகுதான். பேட்டரி இல்லாமலும் ஓடும் என்று தயாரிப்பாளரே சொல்கிற யூனிட் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். பல ரெகுலேட்டர்கள் பேட்டரி வோல்ட்டைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகின்றன. இஞ்சின் அணைந்தால் விளக்கும் அணைந்துவிடும் என்பதால் ராத்திரி நெடுஞ்சாலையில் இதை நான் ஓட்ட மாட்டேன்.

லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 14.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கட்டுப்பாடு தளர்ந்த பழைய ஆர்.ஆர்.-ஐ லெட் ஆசிட் பேட்டரி கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. ஆர்.ஆர். மாற்றி அளந்து பார்த்த பிறகுதான் லித்தியம்.

ஃபீல்டு காயில் உள்ள வண்டிகளுக்கு இந்த ஷன்ட், சீரிஸ் பேச்சு எதுவுமே பொருந்தாது. பழைய ஹோண்டா சிபி750, யமஹா எக்ஸ்எஸ்650 எல்லாம் இந்த வகை. அவற்றில் மேக்னெட்டுக்குப் பதில் காயில், அதற்குப் போகிற கரன்ட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் கட்டுப்பாடு. அவற்றுக்கென்று உள்ள எலெக்ட்ரானிக் யூனிட்டை மட்டுமே போட வேண்டும். பழைய டிரையம்ப், பிஎஸ்ஏ வைத்திருப்பவர்கள் பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்திருக்கிறதா) என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் புது யூனிட் அந்த நொடியே போய்விடும்.

எங்கே, எப்படி மாட்டுவது?

ஒரே யூனிட் ஒரு வண்டியில் பத்து வருஷம் ஓடும், இன்னொன்றில் ஆறு மாதத்தில் போகும். வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். கஸ்டம் வண்டியில் அசிங்கமான பெட்டி எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று ஆர்.ஆர்.-ஐ சீட்டுக்கு அடியிலோ பேட்டரி பாக்ஸுக்குள்ளோ திணிக்கிறார்கள். அங்கே காற்றே இல்லை. முன்பக்கம் டவுன் டியூபிலோ, செயினுக்கு மேலே ஒரு அலுமினியத் தகட்டிலோ, வரிவரியான பக்கம் காற்றைப் பார்க்கும்படி மாட்டுங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்தது எர்த். ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்த வண்டிகளில் பாதித் தொல்லை இதனால்தான் என்றே சொல்வேன். பல யூனிட்டுகளுக்கு உடம்பே எர்த். பவுடர் கோட்டிங் மேல் போல்ட் போட்டு இறுக்கினால் அது எர்த் ஆகாது. கோட்டிங்கைச் சுரண்டுவதைவிட, ஆர்.ஆர். உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் தனியாக ஒரு தடிமனான ஒயர் இழுத்துவிடுங்கள். வண்டியை ஓடவிட்டு, ஆர்.ஆர். உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் இருந்தால் எங்கேயோ இணைப்பு சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனை.

சில யூனிட்டுகளில் வோல்ட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு மெல்லிய ஒயர் இருக்கும், சாவி சுவிட்ச் வழியாக வரும். பழைய சுவிட்சில் அரை வோல்ட், ஒரு வோல்ட் தொலைந்தால் ரெகுலேட்டர் "பேட்டரிக்கு இன்னும் பத்தவில்லை" என்று நினைத்து மேலே ஏற்றிக்கொண்டே போகும். ஆர்.ஆர். நன்றாகவே இருந்தும் 15 வோல்ட் தாண்டுவதற்கு இது ஒரு காரணம். ஒரிஜினல் ஒயரிங்கை வெட்டிக் குறைத்த வண்டிகளில் இந்த ஒயர் எங்கேயும் சேராமல் தொங்குவதும் சாதாரணம். நேரே பேட்டரியில் கொடுத்தால் நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சாவியால் இயங்குகிற ஒரு ரிலே போட்டு, அதன் வழியாகப் பேட்டரியிலிருந்து கொடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

ஒரிஜினல் புல்லட்டில் ஹெட்லைட் டூமில் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். பேட்டரிக் கரன்ட்டில் பெரும்பகுதி அதன் வழியாகப் போவதால் அதன் முனைகள் தளர்ந்தாலே பாதி வண்டி செத்துவிடும். கஸ்டம் செய்யும்போது அதை எடுத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் சின்னதாக ஒரு வோல்ட் மீட்டர் இருக்கட்டும். ஆர்.ஆர். எந்தப் பக்கம் கெட்டாலும் அது முன்கூட்டியே காட்டிவிடும், நடுவழியில் நிற்பதற்கு முன்னால் ஊர் போய்ச் சேரலாம்.

ஆர்.ஆர்.-க்கும் பேட்டரிக்கும் இடையே 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். பழைய யூனிட் சோதனையில் நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பிக்கை இல்லாமல் மாற்றுகிறீர்கள் என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். புதியதற்கும் அதே கப்ளரைப் போட்டுக்கொண்டு, பழையதைத் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வையுங்கள். சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரோடு பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.